தீனபந்து ஆண்ட்ரூஸ்

சமயங்கள் பல. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாகிய பகை ஒன்று உண்டு. அப்பகை புறத்திலிருந்து படையெடுத்து வருவதன்று. ஆலயத்தின் முன்வரிசையிலேயே கைகூப்பி நிற்பது. நாவில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக வாழும் போலிமையே அது. வள்ளுவப் பெருந்தகை இப்போலிமையைக் கடிவதற்கெனக் கூடாவொழுக்கம் என ஒரு தனி அதிகாரமே வகுத்தார். இயேசு பெருமானும், பாவிகளென ஊரார் ஒதுக்கியவர்களிடத்தில் காட்டாத சினத்தை, வேதம் கற்ற பரிசேயரிடத்திலேயே காட்டினார். மாயக்காரர் என்று அவர் சுட்டியது கடவுளை அறியாதவர்களையல்ல. கடவுளைத் தமக்கே உரியவராக எண்ணியவர்களையே.

இப்போலிமையைத் தம் இனத்தாரிடத்திலும், தம் திருச்சபையிடத்திலும், எல்லாவற்றினும் அரிதாகத் தம் நெஞ்சகத்திலும் கண்டு, அதனோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவர் சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ். ஏழைகளின் உறவினர் எனப் பொருள்படும் தீனபந்து என்னும் பெயரால் இந்திய மக்கள் அவரை அழைத்தனர். தில்லி மாநகரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆசிரியராக வாழ்ந்தவர்; கடல் கடந்து சென்று கரும்புத் தோட்டங்களில் நைந்த நம் தமிழ்த் தொழிலாளரின் துயர் துடைக்க உழைத்தவர். தாய்மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு அவர் வரலாறு அயலதன்று.

இளமை

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் 14 பேர். தந்தையார் ஒரு சிறு சபையின் குரு. பின்னர்க் குடும்பம் பர்மிங்ஹாம் நகரில் குடியேறியது.

சிறுவர் ஆண்ட்ரூஸின் நெஞ்சில் அழியாது பதிந்த நிகழ்ச்சி ஒன்று அவ்வில்லத்தில் நேர்ந்தது. தாயாருக்கு உரிய செல்வத்தைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருந்த குடும்ப நண்பர் ஒருவர், அதனைச் சூதுபோன்ற வாணிகத்தில் இட்டு முற்றும் தொலைத்துவிட்டார். ஒரே நாளில் குடும்பம் வறுமைக்கு உள்ளாயிற்று. அன்றிரவு வழக்கம்போல் குடும்ப ஜெபம் நடந்தது. தந்தையார் தம் இழப்பைக் குறித்து முறையிடவில்லை. வஞ்சித்த நண்பருக்கு இறைவன் அருள்புரிய வேண்டுமென மன்றாடினார். மன்னிப்பு என்னும் சொல்லை மறையுரைகளில் கேட்டுப் பழகிய சிறுவர், அது செயலாக நிகழ்வதை அன்றுதான் கண்டார். சொல்லையும் செயலையும் ஒட்டிப் பார்க்கும் உரைகல்லாக அவ்விரவு அவருக்கு என்றும் விளங்கிற்று.

அவ்வுரைகல்லில் அவர் முதலில் உரைத்துப் பார்த்தது தம்மையேதான். கல்லூரி செல்லும் வயதில், வெளியே தாம் பக்தியுள்ள குடும்பத்துப் பிள்ளையாகவும் உள்ளே வேறொருவராகவும் வாழ்வதை உணர்ந்து வருந்தினார். ஓரிரவு தனியே முழந்தாளிட்டுக் கதறி அழுது, பின்னர் விவரிக்கவொண்ணா அமைதியை அடைந்தார். மறுநாள் முதல் அவர் நாடிச் சென்றது ஏழைகளின் தெருக்களை. இறைவனைக் கண்டேன் என்று பறைசாற்றுவதினும், கண்டவனுக்குரிய கடமையைச் செய்வதே தகும் என்பது அவர் கருத்தாயிற்று.

1890இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள பூசலில் கிறிஸ்துவம் ஆற்றவேண்டிய பணி யாது என்பதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை பரிசு பெற்று, 1896இல் நூலாக வெளிவந்தது. தந்தையின் சபையை விட்டு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, 1897இல் குருப்பட்டம் பெற்றார். தென் லண்டனில் வால்வொர்த் என்னும் ஏழைகள் பகுதியில் தொண்டாற்றினார். இந்தியாவில் ஊழியம் புரிந்த நண்பர் பேசில் வெஸ்ட்காட் 1900இல் காலராவுக்கு இரையானார். நண்பர் விட்ட இடத்தைத் தாம் நிரப்பவேண்டும் என்னும் எண்ணம் ஆண்ட்ரூஸைப் பற்றிக்கொண்டது.

தில்லிக் கல்லூரி

1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆண்ட்ரூஸ் தில்லியை அடைந்தார். காஷ்மீரி வாயிலருகே அந்நாளில் இயங்கிய செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். வந்தபோது அவரும் ஏனை ஆங்கிலேயரைப் போலத் தம் பேரரசைப் பெருமையாகவே எண்ணியவர்தாம். ஆனால் கண் திறந்து பார்ப்பவர்க்குத் தில்லியே ஒரு பள்ளிக்கூடம். தெய்வத்தின் முன் எல்லோரும் சமம் என ஞாயிறுதோறும் ஓதும் வெள்ளையர், திங்கட்கிழமையன்று அதே சமயத்தைச் சேர்ந்த இந்தியரைத் தம் மன்றங்களில் அனுமதிக்க மறுப்பதை அவர் கண்டார்.

அக்கல்லூரியில் சுசில்குமார் ருத்திரர் என்னும் வங்கப் பெரியார் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்த கிறிஸ்துவர். 1906இல் முதல்வர் பதவி வெறுமையாயிற்று. இந்தியர் ஒருவரை அப்பதவியில் அமர்த்த மேலோர் தயங்கினர். அவர்களில் எவரும் தீயோர் அல்லர். காலம் இன்னும் கனியவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். நியாயத்தை நேரே மறுக்க நாணுபவர்கள் காலத்தின்மேல் பழிபோடுவது உலக வழக்கம். ஆண்ட்ரூஸ் இதற்கு உடன்படவில்லை. ருத்திரரைப் புறக்கணித்தால் தாம் கல்லூரியைவிட்டு விலக நேரும் எனத் தெளிவாக உரைத்தார். ருத்திரர் முதல்வரானார், அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவரே. ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே மகிழ்வுடன் பணிபுரிந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915இல் முதன்முறையாகத் தில்லி வந்தபோது தங்கியது அந்த ருத்திரர் இல்லத்திலேயாம்.

தில்லியின் முதுபெரும் இஸ்லாமிய அறிஞர் முன்ஷி ஜகாவுல்லாவிடம் ஆண்ட்ரூஸ் மகன்போல் பழகினார். பிற்காலத்தில், 1929இல், அவர் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். காங்கடி குருகுலத்தின் தலைவராகிய மகாத்மா முன்ஷிராமும் அவருக்கு உற்ற நண்பரானார். இந்நட்புகள் அவர் உள்ளத்தில் ஒரு பெரும் வினாவை எழுப்பின. திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கைகளுள் ஒன்று, அந்நம்பிக்கையைக் கைக்கொள்ளாதோர் என்றென்றும் கெட்டழிவர் என்று கூறுகின்றது. இத்தகைய சான்றோரை மனத்தில் வைத்துக்கொண்டு அதை எவ்வாறு ஓதுவது? நம்பாததை நம்புவதாக வழிபாட்டில் கூறுதல் தமக்கு இயலாது என உணர்ந்தார். 1914இல் குருவின் சடங்குப் பணிகளை நிறுத்திக்கொண்டார். கிறிஸ்துவை அவர் விடவில்லை. கிறிஸ்துவின் பெயரால் பொய்யுரைப்பதை விட்டார். இவ்விரண்டையும் பிரித்தறியாத பலர் அவரை வழிதவறியவர் எனத் தூற்றினர்.

டர்பன் துறைமுகம்

1913ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்க இந்தியரின் அறப்போர் உச்சநிலையில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் அந்நாட்டிலேயே தங்கிய தொழிலாளர் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. நேட்டால் தோட்டங்களுக்குச் சென்றவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. அப்போரில் தமிழர் காட்டிய உறுதியைக் காந்தியடிகள் பிற்காலத்தில் பன்முறை பாராட்டியிருக்கின்றார். கோபாலகிருஷ்ண கோகலே போராட்ட நிதிக்கு வேண்டுகோள் விடுத்தபோது ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார். பொருளைக் கொடுத்தது போதாதென்று பின்னர்த் தம்மையும் கொடுத்தார். கோகலேயின் விருப்பப்படி நண்பர் பியர்சனுடன் கப்பலேறினார்.

1914 ஜனவரி 2ஆம் நாள் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரையில் கூடியிருந்தோருள் காந்தி யார் என அவர் வினவினார். தலைமயிரை மழித்து, ஒப்பந்தக் கூலியின் முரட்டு வெள்ளாடை உடுத்து நின்ற மெலிந்த மனிதரைச் சுட்டிக் காட்டினர். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் நாலுபேர் அறிய ஓர் ஆசியரின் காலைத் தொட்ட செய்தி அந்நகர ஐரோப்பியரைக் கொதிப்படையச் செய்தது. செய்தித்தாள்கள் கண்டித்தன. தம் ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவிய கதையைப் பெரிய வெள்ளி வாரந்தோறும் கேட்டுக் கண்ணீர் உகுப்போரே அவ்வாறு சினந்தனர் என்பதை நாம் கருதிப் பார்க்கவேண்டும்.

அதனினும் கொடியது ஒன்று நேர்ந்தது. அந்நகரத்து ஆலயம் ஒன்றில் ஆண்ட்ரூஸ் மறையுரை ஆற்றினார். நண்பரின் உரையைக் கேட்கக் காந்தியடிகளும் விரும்பினார். ஆனால் நிறத்தைக் காரணம் காட்டி அவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டனர். மலைப்பிரசங்கத்தை உள்ளத்தில் ஏந்தி அதன்படி நடக்க முயன்ற ஒருவர் புறத்தே நிற்க, அதைப் பொன்னெழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை ஏந்தியோர் அகத்தே அமர்ந்திருந்தனர். ஆண்ட்ரூஸ் இதனைப் பியர்சன் வாயிலாகப் பின்னரே அறிந்தார். கிறிஸ்து அன்று எங்கே நின்றிருப்பார். பீடத்தின் அருகிலா, வாயிலின் வெளியிலா? இவ்வினா அவரை விட்டு அகலவேயில்லை.

வேறொரு நாள் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த கூலி ஒருவர் உதவி நாடி வந்தார். முதுகில் அடியின் தழும்புகள். ஆறுதல் கூற ஆண்ட்ரூஸ் அருகில் சென்றார். வெள்ளை முகத்தைக் கண்ட அவ்வேழை, மற்றோர் அடி விழப்போகிறதென்று நடுங்கி உடலைச் சுருக்கிக்கொண்டார். அன்பு செய்ய நீட்டிய கையையே அஞ்சி ஒடுங்கும் நிலைக்குத் தம் இனத்தார் ஒரு மனிதரைக் கொண்டுவந்துவிட்டனர் என்பது அவர் நெஞ்சில் வேலெனப் பாய்ந்தது. பிறர் செய்த கொடுமை அது. எனக்கு அதில் பங்கில்லை என அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. அந்நிறத்தால் கிடைக்கும் மதிப்பைத் தாம் நுகரும்வரை அந்நிறத்தின் பழியிலும் தமக்குப் பங்குண்டு எனக் கொண்டார்.

காந்தியடிகளுக்கும் தளபதி ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு உருவாவதில் ஆண்ட்ரூஸ் பெரிதும் துணைநின்றார். அந்நாட்களிலேதான் இங்கிலாந்தில் அவர் தாயார் காலமான செய்தி எட்டியது. துயரை அடக்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு நிறைவேறிய சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது; இந்தியச் சமய முறைத் திருமணங்களுக்கும் ஏற்பளித்தது. அவ்வெற்றியின் விலையாக நம் தில்லையாடி வள்ளியம்மை சிறைக் காய்ச்சலால் நலிந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்தாள் என்பதையும் இங்கு நினைந்து தலைவணங்குகின்றோம்.

பிஜித் தீவு

1912இல் லண்டனில் சந்தித்த நாள்முதல் ரவீந்திரநாத தாகூரிடத்தில் ஆண்ட்ரூஸுக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. 1914இல் சாந்திநிகேதனத்தில் வந்து தங்கினார். அடுத்த ஆண்டு அங்கே காலராவால் தாக்குண்டு மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். உடல் தேறிவந்த நாளொன்றில், டர்பனில் கண்ட அக்கூலியின் அஞ்சிய முகம் அவர் மனக்கண்முன் தோன்றியது. நோக்கிக்கொண்டிருக்கையிலேயே அது கிறிஸ்துவின் முகமாக மாறிற்று. இனி வேறு கட்டளை எதற்கு? பிஜித் தீவில் ஒப்பந்தக் கூலிகள் படும் பாட்டை நேரில் காண, 1915இலேயே பியர்சனுடன் புறப்பட்டார்.

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஐந்தாண்டு ஒப்பந்தம், நாளொன்றுக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் கூலி, வேலையில் தவறினால் சிறைத்தண்டனை. ஆண்கள் 100 பேருக்குப் பெண்கள் 40 பேர் என்பது விதி. இவ்விதியினின்றே எண்ணற்ற கேடுகள் விளைந்தன. குடும்பம் என்னும் அமைப்பே சிதைந்தது. கொலையும் தற்கொலையும் மலிந்தன. வரிசை வரிசையாக அமைந்த குறுகிய கூலி அறைகளில் மானம் காத்து வாழ விரும்பிய பெண்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரத்ததன்று.

சர்க்கரைத் தோட்டங்களை நடத்தியோர் பெரும்பாலும் கிறிஸ்துவர்களே. அவர்களுள் இரக்கமுடையோர் இல்லை என நாம் கூறவில்லை. மெதடிஸ்டு ஊழியர் பர்ட்டன் 1910இலேயே இம்முறையைக் கண்டித்து எழுதியிருந்தார். ஆயினும் பலர், உழைப்பவரின் ஆன்மா வேறு, கணக்கேட்டில் ஏறும் கூலி வேறு என இரண்டாகப் பகுத்து அமைதியாகத் துயின்றனர். ஆண்ட்ரூஸும் பியர்சனும் அப்பகுப்பை ஏற்கவில்லை. தோட்டந்தோறும் சென்று, கண்டதைக் கண்டவாறே அறிக்கையாக எழுதி, 1916இல் வெளியிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் பண்டித மதன்மோகன் மாளவியா சட்டமன்றத்தில் இம்முறையை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். 1917இல் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆண்ட்ரூஸ் மீண்டும் பிஜிக்குச் சென்று ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்தோருக்காக உழைத்தார். 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பெற்றன. இவ்வெற்றி ஒருவரால் மட்டும் வந்ததன்று; இந்தியா முழுவதும் எழுந்த மாதர் குரலும் தலைவர்கள் குரலும் சேர்ந்து ஈட்டியது. ஆனால் அக்குரல்களுக்குக் கண்கூடான சான்றளித்தவர் அவர்.

நண்பர்களிடத்தும் வாய்மை

பகைவரைக் கண்டிப்பது எளிது. அன்பரிடம் மாறுபட்டுரைப்பதே அரிது. 1918இல் காந்தியடிகள் போருக்கு ஆள் திரட்ட முற்பட்டபோது, அகிம்சைக்கு அது பொருந்துமா என ஆண்ட்ரூஸ் தயங்காது கேட்டார். 1921இல் அந்நியத் துணிகளை எரித்ததையும் அவர் ஒப்பவில்லை. கருத்து வேற்றுமையால் அன்பு குறையவும் இல்லை. அன்பினால் வாய்மை மழுங்கவும் இல்லை.

1919இல் பஞ்சாபில் நடந்த கொடுமைகளை விசாரிக்கச் சென்றபோது, இராணுவச் சட்டத்தின்கீழ்க் கசையடிபட்ட சீக்கியப் பெரியவர் ஒருவரின் பாதங்களைத் தொட்டு, ஆங்கிலேயர் சார்பில் மன்னிப்புக் கேட்டார். டர்பனில் வணக்கத்தால் குனிந்த உடல், பஞ்சாபில் நாணத்தால் குனிந்தது. 1921இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர் சாந்தபூர் இரயில் நிலையத்தில் தாக்கப்பட்டுக் காலராவுக்கும் இரையானபோது, அவர்களிடையே சென்று தொண்டாற்றினார்.

அவரிடத்துக் குறைகளும் உண்டு. ஒரு பணியை முடிக்குமுன் மற்றோர் அழுகுரல் கேட்டால் எழுந்து ஓடிவிடுவார். எவரையும் எளிதில் நம்புவார், ஏமாறுவார். மேலங்கி கேட்டவனுக்கு மேலங்கியைக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடப்பார். தம்மைப் புனிதர் என எவரேனும் போற்றினால் வருந்துவார். ஏனெனில் தம் உள்ளத்துச் செருக்கைத் தாம் அறிவார். 1932இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நூல் கிறிஸ்துவுக்குத் தாம் பட்ட கடனைப் பேசுகிறதேயன்றித் தம் சாதனைகளைப் பட்டியலிடவில்லை.

இறுதி நாட்கள்

1940ஆம் ஆண்டு நோயுற்றுக் கல்கத்தாவில் மருத்துவமனை சேர்ந்தார். காந்தியடிகள் வந்து படுக்கையருகே அமர்ந்தார். ஏப்ரல் 5ஆம் நாள் ஆண்ட்ரூஸ் இறைவனடி சேர்ந்தார். தாம் ஏற்றுக்கொண்ட நாட்டின் மண்ணிலேயே, கல்கத்தாவின் கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் நூற்றாண்டை ஒட்டி 1971இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் பெயரின் முதலெழுத்துக்களான மூன்று ஆங்கில எழுத்துக்களைக் கிறிஸ்துவின் மெய்த்தூதர் என்று அன்பர்கள் விரித்து வழங்கியதும் உண்டு.

நாம் கற்பது யாது?

இவ்வரலாற்றைப் படிப்போர், அது வெள்ளையரின் குற்றம் எனக் கூறிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவ்வாறு செய்வோமாயின் ஆண்ட்ரூஸை நாம் அறியவேயில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபைகளிலும் சாதி பார்த்து இடம் பிரிக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதனை ஒழிக்குமாறு ஆணையிட்டார். ஆணைக்குப் பின்னும் நெடுங்காலம் இருக்கைகளில் பிரிவினை இருந்தது. மாண்டோரைப் புதைக்கும் மண்ணிலும் சில ஊர்களில் சுவர் எழுந்தது. உயிர்த்தெழுதலை நம்புவோர் கல்லறைக்குக் குறுக்கே சுவர் வைப்பதினும் பெரிய போலிமை வேறென்ன உண்டு? இக்குற்றம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. எல்லாச் சமயத்தவரும் கூடி வாழும் நம் குடியிருப்பிலும் வாயில்கள் உண்டு. ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசிவிட்டு இல்லம் திரும்பும் நாம், பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்குத் தனிக் குவளை வைத்திருக்கின்றோமா? இரவுக் காவலரின் பெயரை அறிவோமா? நம்மை வடவர் அயலாராக நோக்கும்போது நோகும் நம் உள்ளம், நம்மினும் எளியவரை நாம் நோக்கும்போது நோகின்றதா?

ஆண்ட்ரூஸ் குற்றமற்றவராகப் பிறக்கவில்லை. தம் நெஞ்சின் வாயிலை நாடோறும் சென்று திறந்து பார்த்தார். புறத்தே யார் நிற்கின்றார் எனக் கேட்டார். நின்றவரை உள்ளே அழைத்தார்; அழைக்க முடியாத இடங்களில் தாமே வெளியே சென்று அவரோடு நின்றார். கிறிஸ்துவின் உள்ளத்தை நாடுவது என்பதற்கு அவர் வாழ்ந்து காட்டிய பொருள் இதுவே. இவ்வாண்டு விழா முடிந்து இல்லம் ஏகும் நாம் ஒவ்வொருவரும் நம் வாயிலை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.